அடித்து ஓடும் வண்டிகளும் அடிபட்டார் உரிமையும்

சென்னையினின்று கல்கத்தாவிற்குச் செல்லும் பெருஞ்சாலை, முன்னர் 5 என்றும் இந்நாளில் 16 என்றும் எண்ணிடப்பெற்றது, திருவள்ளூர் ஜில்லாவின் கீழ்ப்பகுதியை ஊடறுத்துச் சோழவரம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் வழியாய் ஆந்திர நாட்டிற் புகுகின்றது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் சரக்கும், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்சாலைகளின் இரும்பும் பிற பண்டங்களும் இரவும் பகலும் இவ்வழியே ஓடுகின்றன. அதே சாலையை இரவு வேலை முடிந்த தொழிலாளர் கால்நடையாயும் சைக்கிளிலும் கடக்கின்றனர். அவருட் பலர் பீகார், ஒடிஸா முதலிய தூரதேசங்களினின்று வந்தோர். இருளில் ஒருவனை மோதிய லாரி நில்லாது போயின், அரைமணி நேரத்திற்குள் அது வேறொரு மாநிலத்தின் எல்லைக்குள் இருத்தல் கூடும். வண்டியின் எண் யாது, உடையவன் யார் என்பதைச் சொல்வாரில்லை. விழுந்தவனோ சாலையோரத்திற் கிடக்கின்றான்.

இக்கொடுமையைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் தண்டனையைப் பற்றியே பேசுகின்றனர். பழைய தண்டச் சட்டத்தில், அசட்டையால் மரணம் விளைவித்தவனுக்கு மிகுதியாய் இரண்டாண்டுச் சிறையே விதிக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவு அதனை ஐந்தாண்டாக உயர்த்தியது. மோதிவிட்டுப் போலீஸாருக்கேனும் மாஜிஸ்திரேட்டுக்கேனும் அறிவியாது ஓடுவோனுக்குப் பத்தாண்டு வரை என்றும் ஓர் உட்பிரிவு எழுதிற்று. இதனைக் கேட்ட லாரி ஓட்டிகள் 1924-ஆம் ஆண்டன்று, நூறாண்டு கழித்து 2024 ஜனவரியில், நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். பெட்ரோல் கிடைக்காதென அஞ்சி ஜனங்கள் பல நகரங்களில் வரிசையில் நின்றனர். 2024 ஜூலை 1-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது இவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஓட்டிகளின் அச்சம் முழுதும் பொய்யென்று நாம் கூறோம். விபத்து நடந்தவிடத்திற் கூடுங் கூட்டம், குற்றம் யாருடையது என்று விசாரியாமலே பெரிய வண்டி ஓட்டினவனை அடிப்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. காயமுற்றவனுக்கு வைத்திய உதவி தேடுதல் ஓட்டியின் கடமை என்று விதிக்கும் அப்பிரிவே, ஜனத்திரளின் சீற்றத்தால் அஃது இயலாதவிடத்து அவனுக்கு விலக்கும் அளிக்கின்றது. அவ்விடத்தினின்று அகன்று அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் உண்மையைச் சொல்வதற்குத் தடை ஒன்றுமில்லை. உயிருக்கஞ்சி அகலுதல் வேறு. எவரும் அறியாதபடி ஓடி ஒளித்தல் வேறு.

தண்டனை எவ்வளவு கடுமையாயினும், பிடிபடாதவன்மேல் அது செல்லாது. பிடிபட்டாலும் அதனால் விதவையின் அடுப்பெரியாது. ஆகவே நாம் வற்புறுத்த விரும்புவது நஷ்ட ஈட்டைப் பற்றியே. மோதிய வண்டி இன்னதென்று தெரியாதபோதும் ஈடு உண்டு என்பதை நம்முட் கற்றோரே பலர் அறியார். மேற்படிச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி முன்னர் மரணத்திற்கு 25,000 ரூபாயும், கொடுங்காயத்திற்கு 12,500 ரூபாயும் கொடுக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 1 முதல் இவை முறையே 2 லட்சமும் 50,000-மும் ஆயின. விபத்து நிகழ்ந்த இடத்துத் தாசில்தார் அல்லது கோட்ட அதிகாரியிடம் மனுச் செய்தல் வேண்டும். அவர் ஒரு மாதத்திற்குள் விசாரித்துக் கலெக்டருக்கு எழுத, கலெக்டர் பதினைந்து நாளில் உத்தரவிட, பணம் பாங்குக் கணக்கிற் சேரவேண்டும் என்பது விதி. முதற் போலீஸ் அறிக்கையின் நகல், பிரேத பரிசோதனைச் சான்று அல்லது காயச் சான்று, அடையாளச் சீட்டு, பாங்குப் புத்தகம் இவையே வேண்டுவன. பின்னர் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு வேறு ஈடு கிடைப்பின், பெற்றதைத் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழியும் எழுதித் தரவேண்டும். வக்கீல் வைக்கவேண்டிய அவசியமில்லை.

இவ்வளவு எளிதாயின் எத்தனை பேர் பெற்றனர்? 2022-இல் இந்தியா முழுதும் இத்தகைய விபத்துக்கள் 67,387, மாண்டோர் 30,486. அவ்வாண்டை ஒட்டிய கணக்கில் வந்த மனுக்களோ 205. இது சுப்ரீம் கோர்ட்டின் முன் வைக்கப்பட்ட கணக்கு. கன்றையிழந்த பசு வந்து அசைத்ததற்குத் திருவாரூர் அரண்மனை வாயிலில் மணி கட்டியிருந்தது. நம் சர்க்காரும் மணி கட்டியிருக்கின்றது, ஆனால் கயிறு எங்குத் தொங்குகின்றதென்று பசுவுக்குச் சொல்லவில்லை.

இந்நிலை கண்டே சுப்ரீம் கோர்ட்டார் 2024 ஜனவரியில் ஓர் உத்தரவிட்டனர். வழக்குப் பதிந்து ஒரு மாதத்திற்குள் வண்டியின் விவரம் கிடையாவிடில், அடிபட்டவருக்கேனும் வாரிசுகளுக்கேனும் இவ்வீட்டைப் பற்றி எழுத்துமூலம் அறிவித்தல் போலீஸ் அதிகாரியின் கடமையாயிற்று. மனு வாராதவிடத்து, அவர்களைத் தேடி உதவுமாறு ஜில்லா சட்டப்பணிக் குழுவிற்கும் செய்தி போகவேண்டும். ஈட்டுத் தொகையை உயர்த்துவது பற்றி ஆலோசிக்குமாறு மத்திய சர்க்காருக்கும் கூறப்பட்டது. ஒரு குடும்பத்தின் உழைப்பாளி போனபின் 2 லட்சம் எத்தனை மாதம் காணும் என்பதைக் கணக்கிட வல்லார் கணக்கிடுக.

நம் ஜில்லாவிற்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. விபத்து நிகழ்ந்த தாலுகாவிலேயே மனுச் செய்யவேண்டுமாதலால், ஒடிஸாவின் ஒரு சிற்றூரிலுள்ள விதவை கும்மிடிப்பூண்டி தாசில்தாரைத் தேடவேண்டும். சடலத்தை ஊருக்கு அனுப்பியதோடு தம் கடமை தீர்ந்ததென்று கருதும் ஒப்பந்தக்காரர் உளர். தொழிற்சாலைகள் யாவும் தம் வாயிலில், வேலையாட்களின் மொழியிலேயே, இவ்விதியையும் மனுப் பத்திரத்தையும் வைத்தல் வேண்டும்; வேலைக்குச் சேர்க்கும்போதே வாரிசின் பெயரும் பாங்குக் கணக்கும் குறித்துக்கொள்ளல் வேண்டும். இதற்குச் செலவு அநேகமாய் இல்லை.

மாணவர்க்கும் ஒரு சொல். எரிகோவிற்குப் போகும் வழியிற் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரின் கதை நம் ஜெபாலயத்திற் பலமுறை வாசிக்கப்பட்டதே. போலீஸும் கோர்ட்டும் நம்மை அலைக்கழிக்கும் என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 134-அ பிரிவு, உதவி செய்தவர்மேல் வழக்கில்லை என்கிறது; தம் பெயரைச் சொல்லுமாறும் அவரை வற்புறுத்தலாகாது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டிலே தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதும் இல்லை. 108-ஐ அழைத்தபின், கண்ணிற்பட்ட எண்ணில் ஈரிலக்கமாயினும் ஒரு தாளிற் குறித்துப் போலீஸாரிடம் கொடுங்கள். வண்டி கிடைத்துவிட்டால் ஈடு 2 லட்சத்தோடு நில்லாது, மாண்டவன் வயதையும் சம்பாத்தியத்தையும் கணக்கிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியினின்று பெறலாகும்.