வாய்க்கால் கரை நடப்பதற்கு மட்டுமா?

திருச்சி நகருக்குள் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் பொலிவுறு நகரத் திட்ட நிதியில் நடைபாதை அமைக்கப்பட்டது. மக்கள் காற்றாட நடக்க இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் இந்தச் சோழர் காலத்து வாய்க்காலை நம்பிச் சுமார் 32,000 ஏக்கர் பாசனம் உள்ளது. சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மண்டிய நீரின் ஓரம் நடப்பதில் என்ன சுகமோ!

கரை என்பது தூர்வாரும் இயந்திரம் நிற்கவும், வாரிய வண்டலைக் கொட்டவும், வாழைத்தார் வண்டி போகவும், மடை திறப்பவர் நடக்கவும் உள்ள இடம். இரு கரையிலும் கல் பதித்துக் கம்பி வேலி போட்டால், கோடையில் நீர் நிறுத்தும் சில நாட்களில் இயந்திரம் எங்கே இறங்கும்? ஆகவே பாதை ஒரு கரையோடு நிற்க வேண்டும். சரிவில் சிமெண்டுக்குப் பதில் வெட்டிவேரும் நொச்சியும் நட்டால் மண் சரியாது. பெரிய மரங்களைக் கரையின் வெளி அடிவாரத்தில் வைப்பதே நலம்.

2015-ல் தொடங்கிய இத்திட்டத்தில் திருச்சி 2017-ல் சேர்ந்தது. 2025 மார்ச்சில் திட்டம் முடிந்தது. பாதையைக் கட்ட மானியம் வந்தது; முளைக்கும் புல்லை வெட்டவும் பெயர்ந்த கல்லைப் பதிக்கவும் இனி மாநகராட்சிதான் பணம் தேட வேண்டும்.

ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வெளியூரார் வருகிறார்கள். அங்குள்ள வாழைத்தோட்ட வாய்க்கால்களுக்கும் நாளை இத்தகைய நிதி வரக்கூடும். அப்போது மானியத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென வைப்புநிதியாக ஒதுக்க வேண்டும். வரைபடத்தில் ஆயக்கட்டு விவசாயிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.