கற்பனை இராஜ்யமும் அதன் பகைவரும்

பலர் ஒருங்குகூடி ஒரு பொய்யுலகைப் படைத்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு கதை வளர்க்கும் விளையாட்டு இக்காலத்து இளைஞரிடையே பரவியிருக்கிறது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சாகி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் இதற்குப் பெருவழி திறந்தது. அவ்வுலகில் கொடுங்கோல் இராஜ்யம் ஒன்று வேண்டுமென்றால், கரிய கொடியும் கடுமொழி பேசும் சேனையும் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. காரணத்தைக் கூறப் பழைய செய்தியொன்றை எடுத்துக்கொள்கிறோம்.

1826-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் யார்க்ஷயர் நாட்டு ஹாவொர்த் கிராமத்துக் குருவாகிய பாட்ரிக் பிராண்ட்டே, தம் மகன் பிரான்வெலுக்கு மரத்தாலாகிய போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். சகோதரிகள் மூவரும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டனர். ஷார்லட் தன் வீரனுக்கு வெல்லிங்டன் பிரபுவின் பெயரையும், பிரான்வெல் தன்னுடையவனுக்குப் போனபார்ட்டின் பெயரையும் இட்டனர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலே கண்ணாடி நகரம் எழுந்தது. 1834-இல் ஆங்கிரியா இராஜ்யம் தோன்றிற்று. பொம்மைகளின் கைக்கேற்ற சின்னஞ்சிறு புத்தகங்களில் அவர்கள் அதன் சரித்திரத்தை எழுதினர். நால்வரும் நான்கு பூதங்களாகி, இறந்த வீரரை வேண்டும்போது எழுப்பியும் விட்டனர். (இவ்வசதி உண்மைச் சேனாதிபதிகளுக்கு இல்லை.)

அக்கரை ஆளற்ற நிலமன்று. 1824-ஆம் ஆண்டில் அஷாந்தியரோடு நிகழ்ந்த போரில் ஆங்கிலத் தேசாதிபதி சார்லஸ் மெக்கார்த்தி மாண்டார். அந்த அஷாந்தியரே பிள்ளைகளின் கதையிற் பகைவராயினர். அவர்களுடைய அரசகுமாரனாகிய குவாஷியா, தந்தையை இழந்து, வென்றவனாகிய வெல்லிங்டனாலேயே வளர்க்கப்பட்டுப் பின் கலகஞ் செய்கிறான். கதையில் அவன் துஷ்டன். ஆயின், தன் தந்தையின் நாட்டைத் திரும்பக் கேட்பவன் துஷ்டனோ, அந்நாட்டின்மேல் மாளிகை கட்டியவர் துஷ்டரோ? கொடிய இராஜ்யத்தைப் படைத்துவிட்டோம் என்பதை அறியாமலே அப்பிள்ளைகள் அதனைப் படைத்து, அதற்கே வாழ்த்துப் பாடினர் என்பது நமது அபிப்பிராயம். பத்து வயதுப் பாலகரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் வீட்டிற்கு வந்த பத்திரிகைகளில் அவர்கள் கண்ட உலகம் அதுவே.

நம் காலத்தார்க்கு அச்சாக்கு இல்லை. பிறப்பினாலேயே தீய ஒரு சாதியாரைப் படைத்து வெட்டி வீழ்த்துவது சோம்பற் கற்பனை. கொடிய இராஜ்யத்திலும் வரி தண்டும் உத்தியோகஸ்தன் மாலையில் தன் குழந்தையைக் கொஞ்சுவான். உபாத்தியாயர் தம் அரசனை நீதிமான் என்றே கற்பிப்பார். அவர்களையும் எழுதினாலன்றி அந்த இராஜ்யம் நம்மை அச்சுறுத்தாது.

விளையாட்டுக்கு இத்துணை விசாரம் எதற்கென்று சிலர் நகைக்கலாம். பிரான்வெல் சிருஷ்டித்த பெர்ஸி என்னும் வஞ்சகப் பிரபுவின் மகளை, ஷார்லட்டின் நாயகனாகிய ஸமோர்னா மணந்திருந்தான். 1836-இல் ஷார்லட் வீட்டை விட்டு அகன்று ரோ ஹெட் என்னுமிடத்துப் பள்ளியில் ஆசிரியையாயிருந்தபோது, பிரான்வெல் தனியே ஆங்கிரியாவை உள்நாட்டுப் போரில் ஆழ்த்தினான். அப்போது அவளுக்கு வயது இருபது. மாணவிகளின் பாடங்களுக்கிடையே, தம்பி அச்சீமாட்டியை உண்மையாகவே கொன்றுவிட்டானோ என்று கலங்கித் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.