புத்தகம் படித்தாயிற்று; பிறகு?

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் கல்லூரியில் முதலாண்டு பௌதிக வகுப்புக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "பாடப் புத்தகம் தவிர நீ கடைசியாகப் படித்த புத்தகம் எது?" என்பது முதல் கேள்வி. இதற்குப் பலர் தயங்காமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். சிலர் நீண்ட பட்டியலே தருவதும் உண்டு. "அதைப் படித்ததனால் நீ என்ன செய்தாய்?" என்பது இரண்டாவது கேள்வி. இதைக் கேட்டதும் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும்.

ஒரு முறை ஒரு மாணவி மட்டும் எழுந்து, "படித்ததே மறந்துவிட்டது சார். எனக்கு ஞாபகசக்தி குறைவு. பௌதிகம் எனக்கு வருமா என்பதே சந்தேகமாக இருக்கிறது. வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றாள். அன்று அவளுக்குச் சரியான பதில் எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் படிக்கும் உங்களில் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கக்கூடும் என்பதால், பிறகு யோசித்துக் கண்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, வாழ்க்கையில் எப்படி முன்னேறுவது என்று சொல்லித் தரும் புத்தகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகக் கண்காட்சியில் கூட்டம் மொய்க்கும் இடங்களில் அவை இருக்கும் மேசையும் ஒன்று. என் மாணவப் பருவத்தில் நானும் அவற்றில் ஏழெட்டைப் படித்தேன். ஒன்றைப் படித்து முடித்த அன்றிரவே, காலை நான்கு மணிக்கு எழுவதிலிருந்து இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பது வரை ஓர் அட்டவணை தயாரித்து, சிவப்பு மையில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். அட்டவணைப்படி ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் நான் அடுத்த புத்தகத்தை இரவல் வாங்கிவிட்டேன்!

அந்தப் புத்தகங்கள் பொய் சொன்னதாக நான் குறை கூற வரவில்லை. அவற்றைப் படிக்கும்போதே முன்னேறிவிட்டது போல ஒரு திருப்தி உண்டாகிறது. அந்தத் திருப்தி கிடைத்துவிட்டால், வேலையைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் தானாகவே தளர்ந்துவிடுகிறது. விஞ்ஞானப் புத்தகம் படிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்று சொல்லும் உரிமை, அதில் உள்ள ஒரு விஷயத்தையாவது கையால் செய்து பார்த்தவருக்கே உண்டு என்பது என் கட்சி. இதற்குச் சாட்சியாக மைக்கேல் ஃபாரடேயை அழைக்கிறேன்.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு சரி. பதின்மூன்று வயதில் லண்டனில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு அங்கேயே ஏழாண்டு ஒப்பந்தத்தில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழக அமர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை அவர் படித்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தக் கடையில் தொழில் பழகியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். லண்டனில் அதுபோன்ற கடைகளும் பல இருந்தன. புத்தகம் கைக்கு எட்டியதே காரணமென்றால், அந்த நகரம் ஃபாரடேக்களால் நிறைந்திருக்க வேண்டுமே!

அவர் கையில் கிடைத்த புத்தகங்களில் ஒன்று, ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் எழுதி 1741இல் வெளியானது. மனத்தைப் பண்படுத்துவது எப்படி என்பது அதன் பொருள். ஆம், நான் மேலே குறை கூறினேனே, அதே இனத்தைச் சேர்ந்த புத்தகம்தான்! படிப்பதைக் குறித்துக்கொள், நல்ல சொற்பொழிவுகளுக்குப் போய்க் கேள், அறிவுள்ள ஒரு நண்பனுடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொள், சிலர் கூடி விவாதியுங்கள், சொற்களில் மயங்காதே என்றெல்லாம் வாட்ஸ் அதில் யோசனைகள் சொல்லியிருந்தார். இவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. உங்கள் தாத்தாவும் சொல்லியிருப்பார்.

ஃபாரடே செய்ததுதான் புதுமை. 1809இல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, படித்த விஞ்ஞானச் செய்திகளை அதில் சேர்க்கத் தொடங்கினார். 1810இல் டேட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திய மாலைச் சொற்பொழிவுகளுக்குப் போனார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர், கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட். அங்கே காட்டப்பட்ட கருவிகளைச் சரியாக வரைய வேண்டும் என்பதற்காக, ரீபோ வீட்டில் குடியிருந்த மாஸ்க்கரியே என்ற ஓவியரிடம் வரையக் கற்றுக்கொண்டார். டேட்டம் வீட்டில் கூடிய இளைஞர்களுடன் விவாதங்களில் கலந்துகொண்டார். அப்படிப் பழக்கமான பெஞ்சமின் அபட் என்ற நண்பருக்கு 1812இல் கடிதம் எழுத ஆரம்பித்தார். வாட்ஸின் யோசனை ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் செய்த ஒரு காரியத்தை நாம் எழுதிவிடலாம்.

அபட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பாருங்கள். ஏழு செப்புக் காசுகள், அதே அளவில் ஏழு துத்தநாக வில்லைகள், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதம் இவற்றை அடுக்கித் தாமே ஒரு மின்கலம் செய்ததையும், அதைக் கொண்டு பேதி உப்புக் கரைசலைப் பகுத்ததையும் குதூகலத்துடன் எழுதியிருக்கிறார். வோல்ட்டா இந்த மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800ஆம் ஆண்டில். பன்னிரண்டே ஆண்டுகளில் அது ஒரு பைண்டிங் பையனின் கையில் இருந்தது.

ரசாயனத்தை அவர் ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய உரையாடல் நூலில் கற்றார். டேவி என்ற பெரும் விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்ட அந்த அம்மையார், தம்மைப் போன்ற பெண்களுக்குப் புரியும்படி 1806இல் எழுதி வெளியிட்ட நூல் அது. அதில் சொன்னவற்றை ஃபாரடே அப்படியே நம்பிவிடவில்லை. வாரத்துக்குச் சில பென்னிகள் செலவு செய்து, தம்மால் முடிந்த சிறு பரிசோதனைகளைச் செய்து பார்த்து, நூலில் உள்ளது சரிதான் என்று கண்ட பிறகே ஏற்றுக்கொண்டார். பெரியவரான பிறகும் அந்த அம்மையாரிடம் நன்றி மாறாமல் இருந்தார்.

1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டினால் டேவியின் நான்கு சொற்பொழிவுகளையே கேட்கும் வாய்ப்பு ஃபாரடேக்குக் கிடைத்தது. அரங்கில் அவர் கிறுக்கியவை துண்டுக் குறிப்புகளே. வீட்டுக்கு வந்து அவற்றை விரித்து, படங்களுடன் மீண்டும் எழுதினார். எழுத எழுத அது முந்நூறு பக்கங்களைத் தாண்டியது. தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 25 ஷில்லிங்; தங்க மாடியில் அறைகள்.

இந்த 'மீண்டும் எழுதினார்' என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். இப்போது என் வகுப்பில் பல மாணவர்கள் கரும்பலகையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நொடியில் வேலை முடிகிறது. ஆனால் பாடம் கைபேசிக்குள் போயிற்றே தவிர, மாணவனுக்குள் போகவில்லை. துண்டுக் குறிப்பை விரித்து எழுதும்போதுதான், "இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஆசிரியர் என்ன சொன்னார்?" என்ற கேள்வி எழுகிறது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் படிப்பு.

இனி, ஞாபகசக்தி. தமக்கு ஞாபகசக்தி போதவில்லை என்று ஃபாரடே நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் பல முறை குறைப்பட்டிருக்கிறார். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் உடல்நலம் கெட்டபோது இந்தத் தொல்லை மேலும் வளர்ந்தது. ஆனால் எதையும் நினைவை மட்டும் நம்பி விட்டுவிடும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் 1832 முதல் ஒவ்வொரு பத்திக்கும் தொடர்ச்சியாக எண் கொடுத்து வந்தார். "முன்பு இன்ன எண்ணில் எழுதியதைப் பார்" என்று தமக்குத் தாமே வழி சொல்லிக்கொள்ள இது உதவியது. 1862இல் அவர் நிறுத்தியபோது அந்த எண் பதினாறாயிரத்தைக் கடந்திருந்தது. மேதைகள்தான் இப்படி ஒழுங்காகக் குறிப்பு வைப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ, மறதி உள்ளவருக்குத்தான் இது அதிகம் தேவை என்று படுகிறது.

இன்னொரு நோட்டும் அவரிடம் இருந்தது. செய்தவற்றை அல்ல, செய்ய வேண்டியவற்றை எழுதும் நோட்டு. மனத்தில் தோன்றும் கேள்விகளையும் யோசனைகளையும் அதில் எழுதுவார். விடை கிடைத்ததும் பேனாவால் அடித்துவிடுவார். காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்று 1822இல் அவர் ஒரு வரி எழுதினார். இடையில் முயன்று தோற்றார். வேறு எத்தனையோ வேலைகளைச் செய்தார். 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களில் தனித்தனியே கம்பி சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றதன் அருகிலிருந்த காந்த ஊசி துள்ளுவதைக் கண்டார். உங்கள் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் மூதாதை அந்த வளையம். ஒரு கேள்வி ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க முடிந்ததற்கு அது எழுதப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்பேன்.

"ஃபாரடேக்குப் பொதுத் தேர்வு இல்லையே சார்!" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். ஆனால் அவருக்குப் பகல் முழுவதும் பசையும் ஊசி நூலும் இருந்தன. படிப்பு அதற்குப் பிறகுதான். தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் படிக்கும் உங்களில் பலருக்கு நான் அட்டவணை எழுதிக் கொடுக்கப் போவதில்லை. கிடைப்பது ஒரு மணி நேரமானால், நாற்பது நிமிஷம் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். இருபது நிமிஷம் மூடி வையுங்கள். மூடியபின் படித்ததை உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் நீங்கள் மறுபடி படிக்க வேண்டும். முழுப் பாடத்தையும் மூன்று முறை ஒப்பிப்பதைவிட இதற்கு நேரம் குறைவாகவே ஆகும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கணிதம் மட்டும் ஃபாரடேக்குக் கடைசிவரை கைவரவில்லை. அவர் கண்ட விசைக்கோடுகளுக்குச் சமன்பாடு எழுத மாக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. ஆகவே, கணக்கை விட்டுவிடலாம் என்று என் பெயரைச் சொல்லி யாரும் வீட்டில் வாதாட வேண்டாம்!

குறிப்பேட்டில் 1862 மார்ச்சில் அவர் எழுதிய பரிசோதனை தோல்வியில் முடிந்தது. சுடரின் ஒளியைக் காந்தம் மாற்றுமா என்று நிறமாலையில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் எழுதி வைத்தார். பின்னர் ஃபாரடேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய மாக்ஸ்வெல் இதைக் குறிப்பிட்டார். ஹாலந்து நாட்டில் பீட்டர் ஸீமன் என்ற இளைஞர் இதே போன்ற பரிசோதனையைச் செய்து, பலன் காணாமல் விட்டிருந்தார். மாக்ஸ்வெல் எழுதியதைப் படித்ததும், ஃபாரடேயே பொருட்படுத்திய கேள்வியை நல்ல கருவிகளுடன் மீண்டும் பார்ப்பது தகும் என்று அவருக்குத் தோன்றியது. 1896இல் மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே சோடியம் சுடரை வைத்து நோக்கினார். நிறமாலைக் கோடுகள் அகன்றன. 1902இல் லாரன்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். காந்தத்தை மறுபடி எடுத்து வைத்தவர் ஸீமன்.

என் மாணவியிடம் இவ்வளவையும் ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னேன். அவள் பாடம் மாறவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் எண் போட்டு ஒரு கேள்வி எழுதி வந்தாள். புதுப் பானையில் தண்ணீர் நன்றாகக் குளிர்கிறது, பானை பழசானால் குளிர்ச்சி குறைந்துவிடுகிறது என்று அவள் பாட்டி சொல்கிறாராம். அது உண்மையா, உண்மையானால் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது கேள்வி. எனக்கும் தெரியாது என்றேன். ஆய்வக ஜன்னலோரத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பானைகளை, ஒன்று புதிது, மற்றது பாட்டி வீட்டிலிருந்து வந்தது, வெப்பமானிகளுடன் வைத்தோம். மூன்று நாள் அளவுகள் நோட்டில் ஏறியிருக்கின்றன. மூன்றாம் நாள் மழை பெய்துவிட்டது. அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.