பருத்த குதிரை

மஸ்டாங் காரைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதன் எஞ்சின் ஆற்றலைத்தான் புகழ்கிறார்கள். அதன் முதல் பத்தாண்டு வரலாறு எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. நல்லதொரு வடிவத்தைக் கெடுக்கத் தீய நோக்கம் எதுவும் வேண்டியதில்லை; நியாயமான காரணங்களே போதும்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்ட் அதை அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை 2,368 டாலர். அடியில் இருந்தவை ஃபால்கன் என்னும் சாதாரணக் குடும்பக் காரின் உறுப்புகள்தாம். அடிப்படை மாதிரியின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 101 குதிரைத்திறன். நீண்ட முகப்பும் குறுகிய பின்புறமும் கொண்ட ஒரு மேனியை அந்த எளிமையின்மீது போர்த்தியதே சாதனை. வேகம் வேண்டுவோர் கூடுதல் பணம் தந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் வாங்கிக்கொள்ளலாம். 1966 மார்ச்சுக்குள் பத்து லட்சம் கார்கள் தயாராகிவிட்டன. (முதல் சில மாதங்களில் வந்தவற்றை ஆர்வலர்கள் ‘அறுபத்து நாலரை’ என்பார்கள், நிறுவனக் கணக்கில் அவையும் 1965 மாதிரிகளே. ஜெனரேட்டர் இருந்தால் முந்தையது, ஆல்டர்னேட்டர் இருந்தால் பிந்தையது. முதற்பதிப்பு தேடி அலையும் நம்மவர்களுக்கு இந்த நோய் புரியும்.)

பிறகு போட்டி வந்தது. செவ்ரோலே 1966 இலையுதிர்காலத்தில் கமாரோவைக் களமிறக்கியது. 390 கன அங்குல எஞ்சினுக்கு இடம் வேண்டி 1967 மஸ்டாங் ஏறத்தாழ மூன்று அங்குலம் அகன்றது. இதை நான் குறைசொல்ல மாட்டேன். 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டும் கரும்பச்சைக் கார் இந்த வடிவத்தைச் சேர்ந்ததுதான். அதில் இன்னும் ஒடுக்கம் இருக்கிறது, மிகை இல்லை.

ஆனால் வளர்ச்சி அங்கே நிற்கவில்லை. அதே 1968இல் ஃபோர்ட் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, தண்டர்பேர்டை ஊதிப் பெருக்கிக் கெடுத்ததுபோல் இதையும் கெடுக்கிறீர்களே, சிறிய காரைச் சிறியதாகவே விடக்கூடாதா என்று கேட்டார். அன்று அந்தக் குரல் எடுபடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து அவ்வாண்டு வந்து ஃபோர்டின் தலைவரான பங்க்கி நட்சன், மேலும் பெரியதொரு வடிவத்தை ஆதரித்தார். 1969இல் ஹென்றி ஃபோர்ட் II அவரைப் பதவிநீக்கம் செய்தார். அவர் ஆதரித்த கார் மட்டும் 1971இல் வெளிவந்தது. 1965இன் காரைவிட அது எட்டு அங்குலம் நீளம், ஆறு அங்குலம் அகலம். ஃபாஸ்ட்பேக்கின் பின்கண்ணாடி ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். ஓட்டுபவருக்குப் பின்னால் வருவது சரியாகத் தெரியாது.

1966 மாதிரி ஆண்டில் ஆறு லட்சத்தைத் தாண்டிய விற்பனை, 1972இல் ஒன்றேகால் லட்சத்துக்கு இறங்கியது. காப்பீட்டுக் கட்டணம், புகைக் கட்டுப்பாட்டு விதிகள், போட்டியாளர்கள் என்று காரணங்கள் பல. ஆயினும் முதல் மஸ்டாங்கை முன்னின்று கொண்டுவந்த லீ அயகோக்காவே பின்னாளில், வாடிக்கையாளர்கள் காரைக் கைவிடவில்லை, நிறுவனமே அவர்களைக் கைவிட்டது என்ற பொருள்பட எழுதினார்.

1974 மாதிரியாக வந்த மஸ்டாங் II, சிறிய காரான பின்டோவின் உறுப்புகளைக் கொண்டது. முதல் ஆண்டில் எட்டு சிலிண்டர் எஞ்சினே கிடையாது. ஆர்வலர்கள் இன்றும் அதை ஏளனம் செய்கிறார்கள். எனக்கும் அது அழகாகப் படவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. அந்தப் பெண்மணி கேட்டதற்கு, ஐந்தாண்டு கழித்து ஃபோர்ட் சொன்ன பதிலாகவே அதைப் பார்க்கிறேன்.