“வாங்கு” என்று எழுதியிருந்தால் வாங்கியதாகிவிடுமா?



பாடசாலை லீவு வந்தால் பிள்ளைகள் கேம் கேட்கிறார்கள். நாமும் வங்கி அட்டையைக் கொடுத்து “வாங்கு” என்ற பட்டனை அழுத்தச் சொல்கிறோம். அந்தச் சொல் உண்மைதானா?

யுபிசாஃப்ட் கம்பனி 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் கேமை வெளியிட்டது. தனியாக விளையாடவும் அதற்கு இன்டர்நெட் வேண்டும். 2024 மார்ச் 31இல் கம்பனி சேர்வரை நிறுத்தியது. அத்தோடு கேமும் முடிந்தது. கடையில் டிஸ்க் வாங்கியவர்களாலும் விளையாட முடியவில்லை. அமெரிக்காவில் வழக்குப் போட்டபோது கம்பனி சொன்ன பதில், நாங்கள் விற்றது விளையாடும் அனுமதியை மட்டும்தான் என்பது. நாம் வாசிக்காமல் “சம்மதம்” கொடுக்கும் நீண்ட ஒப்பந்தத்தில் இருப்பதும் இதுதான்.

நம் துறைமுகத்தில் வள்ளத்தை விலைக்கு வாங்குவது ஒன்று, வாடகைக்கு எடுப்பது வேறொன்று. வாடகை வள்ளத்தை விலைக்குத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினால் யாரும் சும்மா விடமாட்டோம். மார்க்கமும் விற்பனையையும் இஜாராவையும் பிரித்தே வைத்திருக்கிறது. வாடகை என்றால் காலம் தெரிந்திருக்க வேண்டும். கேம் ஒப்பந்தத்திலோ கம்பனி நினைக்கும்வரைதான் காலம்.

சேர்வரை எந்நாளும் நடத்த முடியாது என்பது நியாயம். ஆனால் அதைக் காசு வாங்குமுன் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது அனுமதி மட்டும் என்று தெளிவாக அறிவிக்காமல் “வாங்கு” என்று போட முடியாது. கேம்களை இப்படிச் சாகடிக்கக் கூடாது என்ற கோரிக்கையில் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்கிறது. ஆனால் கடல் கடந்த கம்பனியிடம் அதைக் காட்டுவது இலேசல்ல. இலங்கையருக்கு விற்கும் எவரும் “வாங்கு” என்பதற்குப் பக்கத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெளிவான விதி வர வேண்டும். அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அதுவரை பெற்றோர் இரண்டு விஷயம் பாருங்கள். இன்டர்நெட் இல்லாமல் இந்தக் கேம் ஓடுமா என்று முதலில் கேளுங்கள். பில்லையும் ஈமெயிலையும் அழிக்காமல் வையுங்கள். உள்ளூர்க் கடையில் ஏமாற்றப்பட்டால் 1977க்கு அழைத்து முறைப்பாடு செய்யுங்கள்.

காசு சிறியதாக இருக்கலாம். ஆனால் கையெழுத்திடுமுன் வாசிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் இதிலிருந்தே கற்கட்டும். நாளை அவர்கள் கையெழுத்திடப்போவது காணி உறுதியிலும் வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்திலும்.

பிரயோசனம் என்றால் மற்றப் பெற்றோருக்கும் பகிருங்கள்.