காவற்காரனே எட்டிப் பார்க்கிறான்!

வீட்டில் காமிரா வையுங்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் வீடு தெரியும் என்கிறது அமெரிக்காவின் ரிங் கம்பெனி. 2018-ல் அதை வாங்கியது அமேசான். படம் நேரே வீட்டுக்காரனுக்கா வருகிறது? கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. நடுவில் பார்ப்பது யார்?

2023-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே குற்றம் சாட்டியது. பெண்கள் படுக்கையறையிலும் குளியலறையிலும் வைத்திருந்த காமிராக்களின் படங்களை 2017-ல் ஒரு சிப்பந்தி மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறான்! அவனை வேலையை விட்டு நீக்கினார்கள், சரி. தேவை இருக்கிறதா இல்லையா என்று பாராமல் சிப்பந்திகள் எல்லோரிடமும் சாவியைக் கொடுத்து வைத்தது யார் என்று கேட்கிறோம்.

குற்றத்தை மறுத்துக்கொண்டே கம்பெனி கட்ட ஒப்பிய தொகை 58 லட்சம் டாலர். அந்த ஆண்டு அமேசானின் விற்பனை 57,000 கோடி டாலருக்கு மேல். கணக்குப் போட்டால் ஐந்தாறு நிமிஷ வசூல்! ஐந்து நிமிஷம் பிந்தி வந்த தொழிலாளிக்குக் கூலி பிடிக்கும் உலகம் இது.

வீட்டிலேயே ஒரு பெட்டியில் படத்தைப் பதிந்து, கம்பி வழியே அதே வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்க முடியாதா? தாராளமாக முடியும். அத்தகைய பெட்டி கடையில் கிடைக்கிறது. மாதா மாதம் சந்தா பிடுங்க அதில் வழியில்லை. முதலாளிக்கு அதுதான் கசக்கிறது.