பள்ளிக்கூடங்களுக்கு வரும் மிரட்டல்கள்

2024ஆம் வருஷம் பிப்ரவரி 8ந் தேதி சென்னையில் 13 பள்ளிக்கூடங்களுக்கு மின்னஞ்சல் மூலம் வெடிகுண்டு மிரட்டல் வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளி வாயில்களுக்கு ஓடினர். போலீஸார் மோப்ப நாய்களுடன் அறை அறையாகச் சோதித்து, எல்லாம் வெறும் புரளி என்று கண்டார்கள். அவ்வருஷம் மே 1ந் தேதி டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இதே அவதிக்கு உள்ளாயின. பின்னர் டில்லியில் ரோகிணிப் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு வந்த மிரட்டலை விசாரித்த போலீஸார், அதை அனுப்பியவர்கள் அப்பள்ளியின் மாணவர்களே என்றும், பரீட்சையைத் தள்ளிவைப்பதே அவர்கள் நோக்கம் என்றும் தெரிவித்தனர்.

இத்தகைய மின்னஞ்சலை முதன்முதலில் திறந்து படிப்பவர் யார்? தலைமையாசிரியர் அல்லர்; போலீஸ் கமிஷனரும் அல்லர். அலுவலகக் குமாஸ்தாவே படிக்கிறார். அடுத்த பத்து நிமிஷத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே ஆயிரம் குழந்தைகள் ஒழுங்காக மைதானத்துக்கு வருவதும், மாடிப்படியில் நெரிசலில் சிக்குவதும் அமைகின்றன. அந்தக் குமாஸ்தாவுக்கு நாம் என்ன பயிற்சி அளித்திருக்கிறோம்?

எனினும் வெடிகுண்டுப் புரளியாவது போலீஸாரின் பொறுப்பு. அதைக் காட்டிலும் நமக்குக் கவலை தருவது வேறொன்று. பிள்ளைகள் தங்களுக்குள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுதிக்கொள்ளும் மிரட்டல்களைப் பள்ளிக்கூடத்தாரே முதலில் எடைபோட வேண்டியிருக்கிறது. எடைபோடத் தராசு அவர்களிடம் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் மறைமலை நகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்ப்பவர். அவர் மகன் பதினோராம் வகுப்பு மாணவன். சினிமாக் கதாநாயகன் அரிவாளை ஓங்கி நிற்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, "திங்கட்கிழமை கணக்கு முடியும்" என்று அடியில் எழுதியிருந்தான். அதற்கு முந்திய வாரம் அவனுக்கும் சக மாணவன் ஒருவனுக்கும் கைகலப்பு நடந்திருந்தது. மறுநாளே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அவனை வெளியேற்றினார்கள். திங்கட்கிழமை அவனுக்குக் கணக்குப் பரீட்சை என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, "இதற்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. அதே பள்ளியில் வேறொரு மாணவனை, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாகச் சாதிப் பெயர் சொல்லி வைததும், "எங்கள் தெரு வழியே வந்து பார்" என்று எழுதியதும் பின்னர் நமக்குத் தெரியவந்தன. ஆசிரியர் இருவர் அதைத் தங்கள் கைபேசியிலேயே பார்த்திருக்கிறார்கள்; பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பையன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். பள்ளியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அரிவாள் படத்துக்கு அஞ்சிய கண்ணுக்கு அந்த வசவு ஏன் அச்சம் தரவில்லை என்பதே நாம் கேட்பது.

பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளையை அலட்சியம் செய்தலாகாது என்பதை நாங்குநேரி நமக்குக் கற்பித்தது. 2023ஆம் வருஷம் ஆகஸ்டு 9ந் தேதி அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அவனும் முன்னதாகப் பள்ளிக்கு வராமல் நின்றவன். காரணம் கேட்டபோது துன்புறுத்துவோரைப் பற்றிப் புகார் சொன்னவன். புகார் சொன்னவனை அன்று யார் காப்பது என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

அமெரிக்க நாட்டில் இவ்விஷயத்தை ஆழ்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1974 முதல் 2000 வரை அங்கு பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு ரகசியப் பாதுகாப்பு இலாகாவும் கல்வி இலாகாவும் சேர்ந்து ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அதன் முடிவுகளில் இரண்டு நம் கவனத்துக்குரியவை. நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட சம்பவங்களில், தாக்கியவன் தன் எண்ணத்தை முன்கூட்டியே யாராவது ஒருவருக்காவது, பெரும்பாலும் நண்பர்களுக்கே, தெரிவித்திருந்தான். ஆனால் தாக்கப்படவிருந்தவரை நேரடியாக மிரட்டியவர்கள் மிகச் சிலரே. ஆகவே உரக்கக் கத்துகிறவன் எல்லோரும் ஆபத்தானவன் அல்லன். நண்பன் காதில் மெதுவாகச் சொல்லுகிறவன் ஆபத்தானவனாக இருக்கலாம். வர்ஜீனியா சர்வகலாசாலைப் பேராசிரியர் டூயி கார்னெல் என்பார், கோபத்தில் பிறந்து கோபத்தோடே மறையும் சொல்லையும் உண்மையான உத்தேசத்தோடு கூடிய மிரட்டலையும் பிரித்தறியும் முறையொன்றை வகுத்தார். 2013இல் வர்ஜீனியா மாகாணம் ஒவ்வொரு பள்ளிக்கும் இதற்கென ஒரு குழு இருக்க வேண்டுமென்று சட்டமே செய்தது.

அம்முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. குறிப்பிட்ட ஆள், இடம், நாள் சொல்லப்பட்டிருக்கிறதா, ஆயுதம் கைக்கெட்டும் நிலையில் இருக்கிறதா, கூட்டாளி உண்டா, இதே பேச்சு முன்னும் வந்ததா, வீட்டில் சாவோ பிரிவோ கடனோ அண்மையில் நேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முந்தியது, எழுதியவனையே உட்காரவைத்துப் பேசுவது. இதைக் கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியை, ஒரு குமாஸ்தா, ஒரு வாயிற்காவலர், ஒரு பள்ளி வண்டி ஓட்டுநர் இருந்தால் போதும். ஓட்டுநரைச் சேர்த்துச் சொல்லுவதில் காரணமுண்டு; பிள்ளைகள் தங்கள் சண்டையைத் தலைமையாசிரியர் அறையில் பேசுவதில்லை.

சட்ட விஷயமும் பயிற்சியில் சேர வேண்டும். மிரட்டல் செய்தியைக் கண்டவுடன் அழித்துவிடச் சொல்லுவது நல்லெண்ணத்தால் செய்யும் பெருந்தவறு. தேதியும் நேரமும் கணக்கின் பெயரும் தெரியும்படி திரைப்பிரதி எடுத்துவைக்க வேண்டும். ஆனால் குழந்தையின் ஆபாசப் படமாக இருந்தால் அவ்விதி செல்லாது. அதைப் பிரதி எடுப்பதும் மற்ற ஆசிரியருக்கு அனுப்புவதும் ஆபத்தானவை. உடனே போலீஸாருக்குத் தெரிவிக்க வேண்டும். அம்பத்தூர் வழக்கொன்றில் சென்னை ஹைக்கோர்ட்டு கூறிய தீர்ப்பை 2024 செப்டம்பர் 23ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மாற்றி, அத்தகைய படத்தை வைத்திருப்போரின் பொறுப்பைத் தெளிவாக்கியிருக்கிறது. மேலும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் குற்றம் கொடுங்குற்றமாகாத வரையில், முதல் தகவல் அறிக்கை பதியாமல் நாட்குறிப்பில் மட்டும் பதிய வேண்டுமென்பது சிறார் நீதிச் சட்ட விதி. போலீஸாரிடம் போனால் பிள்ளையின் வாழ்வு பாழ் என்று பேசாதிருக்கும் ஆசிரியர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஓர் அபாயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பயிற்சி என்ற பெயரால் பிள்ளைகளை வேவு பார்க்கும் இலாகா ஒன்று பள்ளிகளில் முளைத்துவிடக் கூடாது. 1908இல் எழுத்துக்காக ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானதும், பாரதியார் புதுச்சேரிக்குப் போக நேர்ந்ததும் இந்நாட்டில் நடந்தவை. அந்நிய சர்க்கார் போனபின்னும் புத்தி போகவில்லை. 2012இல் மகாராஷ்டிரத்துப் பால்கரில் கடையடைப்பைக் குறித்து ஃபேஸ்புக்கில் எழுதிய பெண் ஒருத்தியும் அதை ஆமோதித்த தோழியும் கைது செய்யப்பட்டனர். அக்கிளர்ச்சியின் விளைவாகவே 66ஏ பிரிவு 2015 மார்ச்சு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் விழுந்தது. சத்துணவு நன்றாயில்லை என்று எழுதுவதும், ஆசிரியர் சாதி பார்க்கிறார் என்று எழுதுவதும் மிரட்டல் அல்ல. அவற்றை மிரட்டல் என்று எழுதும் தலைமையாசிரியருக்கே முதலில் பயிற்சி வேண்டும்.

நாங்குநேரிக்குப்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அதிகாரி ஒருவர் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அவ்வதிகாரிக்கு இந்தப் பயிற்சியை முதற்கடமையாக்குவது பொருத்தமென்பது நமது அபிப்பிராயம். அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. தாம்பரத்துக்கு 2022 ஜனவரி முதல் தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். இணையக் குற்றம் அறிந்த அதிகாரிகள் இருக்கிறார்கள். மறைமலை நகர் முதல் தாம்பரம் வரையிலுள்ள பள்ளிகளில் கோடை விடுமுறையில் இரண்டு நாள் வகுப்பு நடத்துவது எவருக்கும் பாரமாகாது. வகுப்பு தமிழில் நடக்கட்டும். பிள்ளைகள் மிரட்டுவது தமிழில்தானே! வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. வடசொல் மலிந்த நமது இந்நடையை அவர் மன்னிப்பாரோ, அறியோம்.

கணக்குப் பரீட்சைப் பையன் ஒரு வருஷம் இழந்து, வேறு பள்ளியில் படித்துத் தேறினான். வராமல் நின்றுவிட்ட மற்றவன் பெயர் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலாவது ஏறியதா என்று விசாரித்தோம், விடை கிடைக்கவில்லை.